உயிர் பிழைக்கக் கூடாத மடிக்கணினி

வெள்ளிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு மடிக்கணினி செத்தது. கொன்றது யோரிஸ்தான். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை.

சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தான். மாடிப்படியில் மனைவி கோடெலீவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் ஏழரைக்குத்தான் இறங்குவாள். இருபத்திமூன்று வருடமாக ஏழரைக்குத்தான் இறங்கியிருக்கிறாள். அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் அவன் வாழ்ந்துகொண்டிருந்தான். மூடியை அறைந்து சாத்தினான். உள்ளே எறும்பு தும்மியதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"என்ன, வாத்தியார் வந்த மாதிரி எந்திரிச்சு நிக்கறே?"

"ஒண்ணுமில்ல. காபி போடலாம்னு."

"காபி உன் முன்னாடிதான் இருக்கு."

இருந்தது. ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. அவன் அதை எடுத்துக் குடித்தான். அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பித் திறந்தாள். பொத்தானை அழுத்தினாள். திரும்பவும் அழுத்தினாள்.

"இது ஏன் வரமாட்டேங்குது?"

"எது?"

"நம்ம வீட்டுல எத்தனை லேப்டாப் இருக்கு?"

ஒன்றுதான் இருந்தது. அதுதான் அவனுடைய எல்லாத் துன்பத்துக்கும் காரணம்.

அவன் மின்கம்பியைச் சுவரில் மாட்டிப் பார்த்தான். வேறு துளையில் மாட்டினான். அடுப்பு மாட்டும் துளையில் மாட்டினான். பொத்தானை விடாமல் அழுத்தி முப்பது வரை எண்ணினான். காதை வைத்துக் கேட்டான். உள்ளே விசிறி சுற்றவில்லை. ஒரு விளக்கும் கண் திறக்கவில்லை. கருப்புத் திரையில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. பிடிபட்டவன் முகம்.

"என் நோட்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு," என்றாள் கோடெலீவ். "குழுவோட வேலை வேற பாதியில கிடக்கு. திங்கக்கிழமைக்குள்ள…"

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். அவன் காதில் விழவில்லை. அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. கணினி செத்துவிட்டது என்றால் கடிதமும் உள்ளேயே செத்துவிட்டது. நெஞ்சில் ஒரு சின்னச் சாளரம் திறந்தது போலிருந்தது.

"பாவம்," என்றான். "பதினோரு வருஷம் உழைச்சுது. போகட்டும்."

"எங்க போகட்டும்?"

"புதுசு ஒண்ணு வாங்கிடலாம்."

கோடெலீவ் அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "முள்கரண்டி வளைஞ்சா நிமித்தி வைக்கிற ஆளு நீ. போன மாசம் குடைக்குக் கம்பி கட்டினே. புதுசு வாங்கலாங்கறே. காய்ச்சல் இல்லையே."

"காலத்தோட போகணும்ல."

"நாளைக்கு மாசத்தோட முதல் சனிக்கிழமை. ரிப்பேர் பாக்கற ஸ்தாஃப்கிட்ட கொண்டுபோலாம். ரெண்டு மணிக்கு."

சாளரம் படாரென்று மூடிக்கொண்டது.

*

யோரிஸ் கால்வாய் நிர்வாகத்தில் வேலை பார்க்கிறான். ஆல்தர்பேக் ஊரைச் சுற்றியுள்ள பதினான்கு மதகுகளில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று பார்த்து எழுதுவது அவன் வேலை. பேச்சில் அவன் கெட்டிக்காரன் இல்லை. குறித்து வைப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கோடெலீவுக்கு ஐம்பது நிறைந்தது. அன்றைக்கு அவள், கோபுரத்து மணி வாசிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். சதுக்கத்துக் கோபுரத்தில் முப்பத்தெட்டு மணிகள் தொங்குகின்றன. மணிகளுக்குக் கீழே ஒரு சின்ன அறை. அங்கே வரிசையாக மரக்கட்டைகள். கட்டைகளை முஷ்டியால் குத்தி, காலால் மிதித்து வாசிக்க வேண்டும். ஆர்மோனியம் தப்பாக வாசித்தால் அடுத்த வீட்டுக்காரனோடு போய்விடும். கோபுரத்தில் ஒரு கட்டை தப்பினால் ஊர் முழுக்க, சந்தை முழுக்க, கால்வாய்க்கு அந்தப் பக்கம் மேயும் மாடு வரைக்கும் தெரியும். யோரிஸின் வீடு கோபுரத்திலிருந்து நாற்பது அடி.

மாணவர்களுக்குச் சனிக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கோபுரம். மாணவி அவள் ஒருத்திதான். முதல் சனிக்கிழமை அவள் இறங்கி வந்தபோது கன்னம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. சுண்டுவிரல் இரண்டும் வீங்கியிருந்தன. கல்யாணத்தன்று கூட அவளை அவன் அப்படிப் பார்த்ததில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"அருமை," என்றான் யோரிஸ்.

அந்த ஒரு சொல்லோடு அவன் மாட்டிக்கொண்டான். அடுத்த சனிக்கிழமையும் அருமை. அதற்கடுத்த சனிக்கிழமையும் அருமை. ஜன்னலைச் சாத்தினான். பஞ்சு வைத்துப் பார்த்தான். நிலவறைக்குப் போய் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மணியோசை மண்ணுக்குள்ளும் வந்தது. ஒன்றரை வருடம் பொறுத்தான். போன அக்டோபரில், பேர் தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரியை உண்டாக்கி நகராட்சிக்கு ஒரு புகார் எழுதினான். சனிக்கிழமை மணியோசை தாங்க முடியவில்லை. இப்படிக்கு, அமைதி விரும்பும் குடியிருப்பாளர்.

நான்கு நாளில் பதில் வந்தது. நகராட்சியிலிருந்து இல்லை. மணிக்கூண்டுக் குழுவின் செயலாளரிடமிருந்து.

'தங்கள் கடிதம் எங்களுக்கு அனுப்பி வைக்கப்பட்டது. நன்றி. தாங்க முடியவில்லை என்று பொதுவாக எழுதினால் எதுவும் செய்வதற்கில்லை. எத்தனை மணிக்கு, எந்தப் பாட்டில், என்ன பிழை என்று குறிப்பிட்டு எழுதினால் ஆவன செய்யப்படும்.'

யோரிஸ் அதை மூன்று முறை படித்தான். உலகத்தில் தன்னைப் போல ஒரு மனிதர் இருக்கிறார். மெலிந்த, வழுக்கை விழுந்த, சட்டைக் கழுத்துப்பட்டி மடிப்புக் கலையாத ஒருவரை அவன் மனதில் வரைந்துகொண்டான். அந்தச் சனிக்கிழமை முதல் பாக்கெட்டில் குறிப்பேடும் பென்சிலும் ஏறின. பதினொன்று ஏழு, இடது கை தாமதம். பதினொன்று பத்தொன்பது, பெரிய மணி இரண்டு முறை அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு முறை. செயலாளர் ஒவ்வொரு வாரமும் நன்றி சொல்லிப் பதில் போட்டார். சில சமயம் சந்தேகமும் கேட்டார். 'தாமதம் என்று குறித்திருக்கிறீர்கள். எவ்வளவு? அரை நொடியா, முழுதாகவா?' புத்தாண்டுக்கு இருவரும் வாழ்த்துப் பரிமாறிக்கொண்டார்கள்.

இதுவரை முப்பத்தோரு கடிதம் போயிருக்கிறது. முப்பத்திரண்டாவது கடிதம் மடிக்கணினியின் திரையில், கையெழுத்துப் போடும் இடம் வரை முடிந்து, திறந்தபடியே கிடந்தது.

அது அவள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று வெள்ளிக்கிழமை முழுக்க அவன் மதகு மதகாகப் போய் யோசித்தான். சண்டை போடுவாள். போடட்டும். அக்காள் வீட்டுக்குப் போய்விடுவாள். போய்த் திரும்பி வருவாள். ஆனால் எட்டாவது மதகில் நிற்கும்போது வேறொன்று தோன்றியது. அவள் ஒன்றுமே சொல்ல மாட்டாள். கோபுரத்தின் இருநூற்றுப் பத்துப் படிகளை மறுபடி ஏறவே மாட்டாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஊர் அமைதியாக இருக்கும். சிவந்த கன்னத்தோடு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

அவன் தண்ணீரின் அளவைத் தப்பாகக் குறித்தான். பதினெட்டு வருட வேலையில் அது முதல் தடவை.

*

ஸ்தாஃப் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்திமூன்று வயது. கோபுரக் கடிகாரத்துக்கு எண்ணெய் விடுவதும் அவர்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தேவாலயத்துப் பக்கத்துக் கூடத்தில் அவரும் இன்னும் ஐந்தாறு பெரியவர்களும் மேசை போட்டு உட்கார்ந்து ஊரார் கொண்டுவரும் பழுதான சாமான்களைச் சரிசெய்து தருவார்கள். காசு கிடையாது. காபியும் அரிசிப் பணியாரமும் உண்டு. ஒரே ஒரு விதி. பொருளைக் கொடுத்துவிட்டு ஓட முடியாது. சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த தடவை தானே சரிசெய்யக் கற்றுக்கொள்வாராம். கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் முதுகுக்குப் பின்னால் மற்றவர்கள் பணியாரத் தட்டோடு வந்து நிற்பதும் வழக்கம். ஊரில் வேறு பொழுதுபோக்கு இல்லை.

சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் கோடெலீவ் கோபுரத்துக்குப் போனாள். யோரிஸும் மடிக்கணினியும் தனியாக இருந்தார்கள்.

முழுக் கோப்பை காபியை எடுத்து அதன் மேல் பிடித்தான். ஒரு கவிழ்ப்பு. அவ்வளவுதான். கை தவறிவிட்டது என்று சொல்லலாம். மேலே மணிகள் ஆரம்பித்தன. ஆனால் கை கவிழ்க்கவில்லை. வேலை செய்யும் பொருளைக் கெடுப்பதா என்று கை கேட்டது. வேலை செய்யவில்லையே என்றான் அவன். செய்யலாமே என்றது கை. கடைசியில் காபியை அவனே குடித்துவிட்டு, பென்சிலை எடுத்து, பதினொன்று ஒன்பது, வலது கை, என்று குறித்தான். பழக்க தோஷம்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. மின்னூட்டும் கம்பியை எடுத்துப் பூட்ஸுக்குள் திணித்து, பூட்ஸை அலமாரிக்குள் தள்ளினான். கம்பி இல்லாமல் எந்த ஸ்தாஃபும் ஒன்றும் செய்ய முடியாது.

பன்னிரண்டேகாலுக்குக் கோடெலீவ் வந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"அருமை."

*

"கம்பி எங்கப்பா?" என்று கேட்டார் ஸ்தாஃப்.

"அடடா," என்றான் யோரிஸ். கண்ணாடி முன்னால் நின்று நான்கு தடவை ஒத்திகை பார்த்த அடடா அது. "வீட்டுலயே மறந்துட்டேன். அப்ப அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

ஸ்தாஃப் மேசைக்கு அடியிலிருந்து ஒரு வாழைப்பழப் பெட்டியை இழுத்தார். உள்ளே பாம்புப் புற்றுபோலக் கம்பிகள். "அறுபத்திரண்டு இருக்கு. எல்லாரும் கம்பியத்தான் மறப்பாங்க." இரண்டாவதாக எடுத்ததே பொருந்தியது. "டார்ச்சப் பிடி."

யோரிஸ் பிடித்தான். பின்னால் ஆள் சேர ஆரம்பித்தது. முதலில் ரொட்டிக்கடை ரீட் வந்தாள். அவளுடைய ரொட்டி வாட்டும் கருவி அடுத்த மேசையில் குடல் சரிந்து கிடந்தது.

"என்ன ஆச்சு லேப்டாப்புக்கு?" என்றாள் ரீட்.

"திடீர்னு நின்னுடுச்சு," என்றாள் கோடெலீவ். "இவன்தான் கடைசியா பக்கத்துல இருந்தான்."

"மூடிய வேகமா சாத்துனியாப்பா?" என்று கேட்டார் ஸ்தாஃப்.

"நானா?"

"நீதான். டார்ச்ச ஏன் இப்படி ஆட்டறே? திருகு தெரியல."

பதினோரு திருகுகளும் கழன்றன. ஸ்தாஃப் அடிமூடியைத் திறந்தார். பதினோரு வருடத்து ரொட்டித்தூள் கொட்டியது. யாரோ சிரித்தார்கள். அவர் ஒரு சின்னத் தூரிகையால் பெருக்கினார். விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார். யோரிஸ் வாழ்க்கையில் முதல் முறையாக மனம் உருகி வேண்டிக்கொண்டான். அம்மா மாதாவே, இது எழுந்திருக்கக் கூடாது.

"ரொம்பப் பழசு," என்றான். "விட்டுடுங்க ஸ்தாஃப். உங்களுக்கும் வயசாச்சு."

"எனக்கு வயசானா இதுக்கு என்ன?"

"இல்ல, சிரமப்படறீங்களேன்னு."

"நீதான் சிரமப்படறே. வேர்த்து ஊத்துது. ரீட், இவனுக்குத் தண்ணி குடு."

ஸ்தாஃப் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினார். பொத்தானை அழுத்திப் பிடித்தார். "சில நேரம் உள்ள கரண்ட் தேங்கிக்கும். வடியணும். முப்பது வரைக்கும் எண்ணு."

யோரிஸ் மெதுவாக எண்ணினான். இருபத்தேழில் நிறுத்தினான். பின்னால் நின்றவர்கள் எண்ணி முடித்தார்கள்.

பேட்டரியை மாட்டினார். கம்பியைச் செருகினார். பொத்தானை அழுத்தினார். திரை கருப்பாகவே இருந்தது. ஐந்து நொடி. பத்து நொடி. யோரிஸ் மூச்சு விட்டான். டார்ச்சை அணைத்தான். "சரி, போய்ச் சேந்துடுச்சு. நாலு பேரும் கூட இருந்தீங்க. சந்தோஷம்."

"பொறு," என்றார் ஸ்தாஃப். காதைச் சாய்த்தார். "விசிறி ஓடுது. உயிர் இருக்கு. திரைதான் போயிருக்கும். வேற திரையில மாட்டிப் பாத்துடலாம்."

"வேற திரைன்னா?"

ஸ்தாஃப் மேசையில் கிடந்த இன்னொரு கம்பியை எடுத்து மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகினார். கூடத்தின் கூரையில் தொங்கிய புரொஜெக்டர் முனகிக்கொண்டு விழித்தது. எதிர்ச் சுவர் முழுக்க வெளிச்சம் விழுந்தது. மாட்டுத் தொழுவக் கதவைப் போல இரண்டு மடங்கு பெரிய வெளிச்சம். அதன் நடுவில் ஒரு சின்னக் கட்டம்.

"கடவுச்சொல் கேக்குது," என்றார் ஸ்தாஃப்.

யோரிஸ் கண்ணை மூடினான். "மறந்துட்டேன்."

"எனக்குத் தெரியும்," என்றாள் கோடெலீவ். குனிந்து, அவன் தோளுக்கு மேல் கையை நீட்டித் தட்டினாள். அவள் சுண்டுவிரல் இன்னும் சிவப்பாக இருந்தது.

கணினி நல்ல பிள்ளையாக, தூங்கப் போகும் முன் எதைப் பிடித்திருந்ததோ அதையே திரும்ப எடுத்துக் காட்டியது. எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு ரொட்டி அளவு இருந்தன.

'மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு. கடந்த சனிக்கிழமை மணி வாசிப்பில் நான் கவனித்த பிழைகள்.

11.17. இரண்டாவது பாட்டு. இடது கை தாமதம், முக்கால் நொடி.

11.26. கால் தவறிப் பக்கத்து மணியில் விழுந்தது.

11.45. உயிரே இல்லாத வாசிப்பு. இயந்திரம் வாசித்தது போல் இருந்தது.

இப்படிக்கு, அமைதி விரும்பும்'

கூடத்தில் திருப்புளிகள் நின்றன. காபி இயந்திரம் நின்றது. ரீட் வாயில் போன பணியாரம் நடுவழியில் நின்றது. பிறகு அத்தனை முகங்களும், சூரியகாந்திப் பூக்கள் போல, மெதுவாகக் கோடெலீவ் பக்கம் திரும்பின.

யோரிஸ் திரும்பவில்லை. டார்ச்சை மறுபடி போட்டு, திறந்து கிடந்த கணினியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காள் வீட்டுக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று மனம் தானாகப் பார்த்தது. மூன்று நாற்பது. அப்புறம் சதுக்கம் அமைதியாகிவிடும். வருடக்கணக்கில் அவன் கேட்டுக்கொண்டிருந்த அமைதி.

கோடெலீவ் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று படித்தாள். நிதானமாக. பையிலிருந்து பென்சிலும் ஒரு நோட்டும் எடுத்தாள்.

"பதினொன்னு பதினேழு சரிதான்," என்றாள். "இருபத்தாறுல கால் வழுக்குச்சு, ஒத்துக்கறேன். ஆனா பதினொன்னே முக்காலுக்கு அடிச்சது நான் இல்ல. கோபுரக் கடிகாரம். அது இயந்திரம்தான்."

"எண்ணெய் போட்டு ரெண்டு வாரம்தான் ஆச்சு," என்றார் ஸ்தாஃப், கொஞ்சம் மனத்தாங்கலோடு. பிறகு யோரிஸை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ. அந்தக் குடியிருப்பாளர் இவன்தானா? ஒவ்வொரு குழுக் கூட்டத்துலயும் கேக்கறேன், யாரும்மா இவரு, இவ்வளவு நல்ல காதுன்னு. சொல்லவே மாட்டேனுட்டாளே இந்தச் செயலாளரம்மா."

யோரிஸின் மனதில் இருந்த மெலிந்த வழுக்கைத் தலை மனிதர் எழுந்து, கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, வெளியே போனார்.

"நீயா செயலாளர்?"

"செப்டம்பர்ல சொன்னேனே. சிப்பி சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். குழுவுல என்னைச் செயலாளராப் போட்டிருக்காங்கன்னேன். நீ அருமைன்னே."

"நான்னு… எப்பத் தெரியும் உனக்கு?"

"ரெண்டாவது கடிதத்துல. மணி ஓசையைச் சென்டிமீட்டர்ல எழுதாத குறை. இந்த ஊர்ல வேற யாரு இருக்கா அப்படி?"

"கோவம் வரலியா?"

"வந்துச்சு. ஒரு வாரம் உன்கூட பேசவே இல்ல. நீ கவனிக்கல."

அவன் யோசித்துப் பார்த்தான். நவம்பரில் ஒரு வாரம் மிக நன்றாகப் போனதாக ஞாபகம்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எழுதறத நிறுத்தியிருப்பே. என் வாத்தியார் மாசத்துக்கு ரெண்டு தடவ வர்றாரு. வந்து, நல்லாத்தான் இருக்குங்கறாரு. நீ வாரா வாரம் நிமிஷக் கணக்கா சொல்றே. அத வெச்சுத்தான் மார்ச்ல பரீட்சை தேறுனேன்."

ரீட் பணியாரத்தை விழுங்கினாள். கூடத்தில் காபி இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. எட்டாவது மதகில் யோரிஸைப் பிடித்த பயம் ஒவ்வொரு விரலாகப் பிடியை விட்டது. படி ஏறுவாள். சனிக்கிழமை பதினொரு மணி அப்படியேதான் இருக்கும். ஒரு மணி நேரம்தானே, தாங்கிக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். அவனுக்கு அவள் கையைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தான்.

"கடுதாசி கிடக்கட்டும்," என்றான். "தேறினதுல சந்தோஷம். இதோட ஆச்சுல்ல?"

"எங்க ஆச்சு? அடுத்த வருஷம் பெரிய பரீட்சை," என்றாள் கோடெலீவ், நோட்டை மூடிக்கொண்டே. "புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் கோபுரம் வேணும்னு நகராட்சிக்கு மனு போட்டேன். முடியாதுன்னாங்க. அப்புறம் உன்னோட முப்பத்தோரு கடிதத்தையும் சேத்து அனுப்பினேன். இத்தனை பிழை இருக்கறவங்களுக்குப் பயிற்சி பத்தாதுதான்னு உடனே கையெழுத்துப் போட்டுட்டாங்க."